தோற்பதற்கென்றே ஒரு எதிரி

ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. புலிக்குப் பல் உண்டு, ஆட்டுக்குப் பொறுமை உண்டு. திட்டக்குடி பக்கம் வெள்ளாற்றங்கரைக் கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. திண்ணையில் கரிக்கட்டியால் ஒரு முக்கோணம், குறுக்கே சில கோடுகள், புளியங்கொட்டை ஆடு, கூழாங்கல் புலி. மத்தியானம் போனதே தெரியாது. பட்டணத்துக்காரர்களுக்காக மட்டும் ஒரு குறிப்பு: ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பக்கத்து ஆட்டைத் தாண்டி காலி இடத்தில் புலி குதித்தால் அந்த ஆடு காலி. 3 புலியும் நகர இடமில்லாமல் மடங்கிவிட்டால் ஆட்டுக்கு ஜெயம். உன் முறை, என் முறை என்று மாறி மாறி நடக்கிற யுத்தம். துப்பாக்கிச் சத்தம் கிடையாது, அவ்வளவுதான்.

இதே ஆட்டம் இப்போது செல்போனில் கிடைக்கிறது. ஏகப்பட்ட பேர் எழுதியிருக்கிறார்கள். எதன் பெயரும் வேண்டாம். அதில் ஒன்றில் நான் ஆடு, கம்ப்யூட்டர் புலி. மூன்றாவது ஆட்டத்திலேயே புலியின் குணம் பிடிபட்டுவிட்டது. தின்ன முடிந்தால் தின்னும். யோசனையே கிடையாது. நடுவில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிற புலிக்கு ஓரத்தில் ஓர் ஆட்டைக் காட்டினால் போதும், ஒரே தாவு. அது ஓரத்துக்குப் போனதும் பின்னால் கதவைச் சாத்திவிட வேண்டியது. மறுநாளும் அதே ஆடு, அதே ஓரம், அதே தாவு. ஒரு வாரம் ஜெயித்தேன். அப்புறம் அலுத்துவிட்டது.

கிராமத்துப் பெரியவர் ஒருவர் புலியாக உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் தடவை அவரும் ஏமாறலாம். இரண்டாவது தடவை அந்த ஆட்டைப் பார்ப்பார், உங்கள் முகத்தைப் பார்ப்பார், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, “ஏண்டா தம்பி, நேத்து வச்ச அதே ஆடா?” என்பார். அந்த ஒரு கேள்வி கம்ப்யூட்டருக்குக் கேட்கத் தெரியாது. இந்த வாரம் நாம் பேசப் போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

கம்ப்யூட்டரில் முறை வைத்து ஆடும் போர் விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன. ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ என்று ஒன்று. 2003-ல் டேவிட் வைட் என்பவர் ஆரம்பித்து, உலகம் பூராவும் உள்ள ஆர்வலர்கள் கைகோத்து வளர்த்த இலவச விளையாட்டு. தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். காடு, மலை, ஆறு, கிராமம். கிராமத்தைப் பிடித்தால் ஒவ்வொரு முறைக்கும் வரிப்பணம் வரும். அந்தப் பணத்தில் ஆள் எடுத்து அனுப்ப வேண்டும். இருட்டுக் கட்சி ஆட்களுக்கு ராத்திரியில் 25 சதவீதம் பலம் கூடும், பகலில் அதே அளவு குறையும். வெளிச்சக் கட்சிக்கு இது தலைகீழ். நேர்த்தியான ஏற்பாடு. சும்மா சொல்லக்கூடாது, காசு கொடுத்து வாங்குகிற பல விளையாட்டுகளில் இத்தனை பக்குவம் இல்லை.

இதில் கம்ப்யூட்டரை ஜெயிப்பது எப்படி? ரொம்ப சுலபம். ராத்திரியில் இருட்டுக் கட்சி படையெடுத்து வரும்போது, ஆற்றங்கரையில் நம் ஆட்களை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தண்ணீரில் நிற்பவன் நன்றாக அடி வாங்குவான். கரையில் நிற்பவன் தப்பிப்பான். கம்ப்யூட்டரோ தண்ணீரில் இறங்கி வந்து அடிக்கும். பொழுது விடிந்து, அதன் பலம் இறங்கிய பிறகும் பெரும்பாலும் முன்னால்தான் வரும். காயம்பட்ட நம் ஆள் ஒருவனைக் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தினால், நாலு பேர் ஓடி வந்து அவனைச் சூழ்வார்கள். அந்த நாலு பேரை நம் எட்டு பேர் சூழ்வார்கள். நம்ம ஓரத்து ஆடு, நம்ம நடுப்புலி. திண்ணையிலிருந்து தேன்கூட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஏன் இப்படி வந்து விழுகிறது? இந்த இடத்தில் நான் படித்த பி.காம். எனக்கு உதவிக்கு வருகிறது. வெஸ்னாத்தின் கம்ப்யூட்டர் எதிரிக்கு ‘ஆக்ரோஷம்’ என்று ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஒளிவு மறைவு இல்லை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். வழக்கமாக அது 0.4. அர்த்தம் என்னவென்றால், எதிரிக்கு 100 ரூபாய் நஷ்டம் உண்டாக்கினால் அதை 100 ரூபாய் லாபமாகவே எழுதிக்கொள்ளும். தனக்கு 100 ரூபாய் நஷ்டம் வந்தால் 60 ரூபாய் என்று எழுதிக்கொள்ளும். எண்ணை 1 ஆக்கிவிட்டால் தன் நஷ்டத்தை எழுதவே எழுதாது. இந்த லட்சணத்தில் கணக்கு வைத்த வியாபாரிகளை நாம் எல்லோரும் கடைத்தெருவில் பார்த்திருக்கிறோம். ரெண்டு தீபாவளி தாங்குவார்கள். மூன்றாவது தீபாவளிக்குக் கடையில் வேறு போர்டு தொங்கும்.

ஆக, அங்கே வீரம் என்பது ஒரு எண். நாம் அந்த எண்ணைத்தான் ஏமாற்றுகிறோம். எதிரி என்று அங்கே யாரும் இல்லை.

அடுத்தது காசு கொடுத்து வாங்குகிற பெரிய கம்பெனிச் சரக்கு. சிட் மையரின் ‘சிவிலைசேஷன்’. 1991-ல் முதல் பாகம், 2025-ல் ஏழாவது. ஒரு குடியேற்றத்தில் ஆரம்பித்து ராக்கெட் விடுகிற வரைக்கும் ஒரு நாகரிகத்தை வளர்க்க வேண்டும். இடையிடையே பக்கத்து நாட்டோடு சண்டை. உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் “இன்னும் ஒரே ஒரு முறை” என்று சொல்லிக்கொண்டே விடியற்காலை வரை விழித்திருக்கக் காரணமான விளையாட்டு. அதன் பெருமையை நான் குறைக்க வரவில்லை. என் புகார் அதன் கஷ்ட நிலைகளைப் பற்றி மட்டும்தான்.

2016-ல் வந்த ஆறாம் பாகத்தில் 8 நிலைகள். நாலாவது நிலையின் பெயர் ‘இளவரசன்’. அங்கே நீங்களும் கம்ப்யூட்டரும் சரிசமம். எட்டாவது நிலையின் பெயர் ‘தெய்வம்’. தெய்வத்தோடு மோதப் போகிறோம், பிரமாதமாக யோசிக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், அது இளவரசனைவிட ஒரு துளியும் கூடுதலாக யோசிப்பதில்லை. பின்னே என்ன வித்தியாசம்? நீங்கள் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு ஆரம்பிக்கும்போது அது மூன்றோடு ஆரம்பிக்கும். அதன் பட்டறையில் சாமான் வேகமாகத் தயாராகும். அதன் சிப்பாய் அடிக்கிற அடியில் கொஞ்சம் கூடுதல் பலம் சேரும். சுருக்கமாகச் சொன்னால், மானியம். மந்தமான பையனுக்கு 30 மார்க் கருணை மதிப்பெண் போட்டு, “இவன்தான் எங்கள் பள்ளியின் முதல் மாணவன், முடிந்தால் இவனை ஜெயி” என்று சவால் விடுவது போல.

மந்தமான பையன் என்று சும்மா சொல்லவில்லை. 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஒரு கட்டத்தில் ஒரு படைப்பிரிவுதான் நிற்கலாம் என்று விதியை மாற்றினார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒரே கட்டத்தில் எத்தனை படையை வேண்டுமானாலும் அடுக்கி மூட்டை மாதிரி நகர்த்தலாம். புதிய விதி மனிதர்களுக்குப் பிடித்துப்போனது. முன்னால் ஈட்டி, பின்னால் வில், பக்கவாட்டில் குதிரை என்று அணிவகுக்கலாமே. கம்ப்யூட்டர்தான் பாவம். வில்லாளியை முன்னால் நிறுத்திவிட்டு ஈட்டிக்காரனைப் பின்னால் தேடும். குறுகலான கணவாயில் ஒவ்வொருவராக வந்து நம் கோட்டையின் அடியை வாங்கிக்கொண்டு விழும். கடலில் காவல் கப்பல் இல்லாமல் காலாட்படையை ஏற்றி அனுப்பும். ஒரே ஒரு போர்க்கப்பல் வைத்திருப்பவன் மொத்தப் படையையும் மீன்களுக்கு அனுப்பிவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை. வெள்ளாற்றைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். அங்கே கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கார்ந்து ஆண்ட ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்குப் போனது 1025-ல். சரியாக 1000 வருஷம் கழித்து, 2025-ல் வந்த ஏழாம் பாகத்தில் சோழர்களைத் தனி நாகரிகமாகச் சேர்த்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். கடல் தாண்டிச் சண்டை போட்டு ஜெயித்தவர்கள், காவல் இல்லாமல் படகை விட்டுப் பேர் வாங்கிய ஒரு தொடரில் வந்து சேர்ந்திருக்கிறார்கள்!

இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தந்திரம் ஒன்று ஐந்தாம் பாகத்தின் ஆரம்ப நாட்களில் பிரபலம். பக்கத்து நாட்டு ராஜாவிடம் போய் மொத்தமாகத் தங்கம் வாங்கிக்கொள்வது. பதிலுக்கு ஒவ்வொரு முறையும் தவணை கட்டுவதாக ஒப்பந்தம். கையெழுத்தான மறுநிமிஷம் அவன் மேலேயே போர் அறிவிப்பது. போர் வந்தால் ஒப்பந்தம் ரத்து. தவணையும் ரத்து. அவன் பணத்திலேயே படை திரட்டி அவனையே அடிக்கலாம். பிற்பாடு, சினேகிதம் பிரகடனம் செய்துகொண்ட நாடுகளுக்கு நடுவில்தான் மொத்தப் பணம் கைமாறலாம் என்று விதியை இறுக்கினார்கள். கடன் வசூலாகாமல் கையைச் சுட்டுக்கொண்ட எல்லா பாங்குகளும் செய்கிற அதே காரியம். ஆனால் கவனியுங்கள். ராஜா திருந்தவில்லை. விதிதான் திருந்தியது.

நிஜ வாழ்க்கையில் இந்த வித்தையை நீங்கள் ஒரே ஒரு தடவைதான் செய்யலாம். அதற்கப்புறம் பெண்ணாடம் சந்தையில் உங்களுக்கு ஒரு மூட்டை மல்லிகூடக் கடனுக்குக் கிடைக்காது. ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஏமாற்றுவதற்கு விலை உண்டு, அந்த விலையையும் கணக்கில் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும் என்பதுதான் தந்திரத்தின் முதல் பாடம். அந்தப் பாடத்தை மட்டும் உருவிவிட்டு மீதியைச் சொல்லிக்கொடுக்கிறது விளையாட்டு.

கம்பெனிக்காரர்கள் முட்டாள்களா? இல்லை. நான்காம் பாகத்தை வடிவமைத்த சோரன் ஜான்சன் 2008-ல் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் இதைப் பற்றியே பேசினார். தலைப்பு, ‘தோற்பதற்காக ஆடுவது’. ஒளிக்கவேயில்லை. நல்ல எதிரி என்பவன் சுவாரசியமாகத் தோற்கிறவன். சிட் மையரே 2010-ல் அதே மாநாட்டில் இன்னொரு விஷயம் சொன்னார். மூன்றுக்கு ஒன்று என்று பலம் கூடுதலாக இருக்கும் சண்டையில் கணக்குப்படி நாலு தடவைக்கு ஒரு தடவை தோற்கத்தான் வேண்டும். ஆனால் ஆடுகிறவர்கள் அந்த ஒரு தோல்வியைத் தாங்கவில்லையாம். “மூன்றுக்கு ஒன்று என்று போட்டிருக்கிறதே, எப்படித் தோற்பேன்?” என்று சண்டைக்கு வந்தார்களாம். சரி என்று கணக்கை அவர்கள் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துவிட்டார்கள்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க மேலதிகாரியிடம் தோற்றுவிட்டு வீட்டுக்கு வருகிறவன், ராத்திரி ஒரு மணி நேரமாவது ஜெயிக்க ஆசைப்படுகிறான். அவனை அங்கேயும் தோற்கடித்தால் யார் காசு கொடுப்பார்கள்? இன்னொரு நியாயமும் உண்டு. செஸ்ஸில் ஒரு முறைக்கு ஒரு காயை நகர்த்தினால் போதும். போர் விளையாட்டில் 20 படைப்பிரிவு இருந்தால் இருபதையும் ஒரே முறையில் நகர்த்தலாம். ஒவ்வொன்றுக்கும் 10 வழி என்று வைத்தால்கூட மொத்த வழிகள் 1-க்குப் பின்னால் 20 சைபர். வீட்டுக் கம்ப்யூட்டர் அத்தனையும் யோசித்து, நாலு விநாடியில் பதில் சொல்ல வேண்டும் என்றால் மேலெழுந்தவாரியாகத்தான் யோசிக்கும்.

நிஜமாகவே யோசிக்கிற கம்ப்யூட்டரோடு மோதிய கதைகளைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நம் விஸ்வநாதன் ஆனந்த் 1998-ல் இத்தாலியில் இஸ்கியா தீவில் ‘ரெபெல் 10’ என்ற புரோகிராமோடு 8 ஆட்டம் ஆடினார். மொத்தக் கணக்கில் 5-3 என்று மெஷினுக்கு வெற்றி. ஆனால் பிரித்துப் பாருங்கள். 4 மின்னல் ஆட்டங்களில் மெஷின் 3-1. கால் மணி நேர ஆட்டம் இரண்டில் மெஷின் 1.5-0.5. நின்று நிதானமாக யோசிக்க நேரம் கொடுத்த 2 ஆட்டங்களில் ஆனந்த் 1.5-0.5. அவசரத்தில் மெஷின், அவகாசத்தில் மனிதன்.

2003 நவம்பரில் நியூயார்க்கில் காஸ்பரோவ் ‘ஃப்ரிட்ஸ்’ புரோகிராமோடு ஆடிய மூன்றாவது ஆட்டம் இன்னும் சுவை. சிப்பாய்களை ஒன்றோடொன்று முட்டவைத்துப் பலகையையே பூட்டிவிட்டார். அடிக்கவோ தின்னவோ எதுவும் இல்லை. தின்ன எதுவும் கிடைக்காத கம்ப்யூட்டர் என்ன செய்வதென்று தெரியாமல் காய்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தது. காஸ்பரோவ் மறு பக்கத்தில் நிதானமாகக் கழுத்தை நெரித்து 45 நகர்த்தலில் முடித்தார். ஆட்டுக்குப் பொறுமை உண்டு என்று முதல் வரியிலேயே சொன்னேன் இல்லையா?

அந்த வாசல் ரொம்ப நாள் திறந்திருக்கவில்லை. 2006-ல் ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக், ஒரே நகர்த்தலில் வரவிருந்த மேட்டைக் கவனிக்காமல் ஓர் ஆட்டத்தைக் கோட்டைவிட்டு, மொத்தத்தில் 4-2 என்று தோற்றார். செஸ்ஸில் மனிதன் மெஷினை ஏமாற்றும் கதை அத்தோடு முடிந்த மாதிரிதான். ஆனால் ‘கோ’ என்ற கிழக்காசிய விளையாட்டில், மனிதனால் எட்டவே முடியாது என்று நினைத்த ‘கட்டாகோ’ புரோகிராமை 2023-ல் கெல்லின் பெல்ரின் என்ற அமெரிக்க அமெச்சூர் 15 ஆட்டங்களில் 14-ல் ஜெயித்தார். மூலைகளில் பராக்குக் காட்டிக்கொண்டே பெரிய வட்டமாகச் சுற்றி வளைப்பது. ஒரு கற்றுக்குட்டி மனிதன்கூடக் கவனித்துவிடுவான், அது கவனிக்கவில்லை. அந்த ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தது இன்னொரு கம்ப்யூட்டர் புரோகிராம் என்பது உபரித் தகவல்.

எதிரி செய்ய முடியாத ஒன்றைச் செய்து ஜெயிப்பது நமக்குப் புதிதல்ல. எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே அதற்குப் பழைய கதை இருக்கிறது. தில்லையில் சிவனும் காளியும் ஆடிய போட்டி. எதற்கும் சளைக்காமல் ஆடிய காளி, அவர் காலைத் தலைக்கு மேல் தூக்கியதும் நாணி நின்றுவிட்டாள். ஆட்டத்தில் ஜெயித்தது அந்த ஒரு கால். அது நியாயமா என்று பட்டிமன்றம் வைக்கலாம். ஆனால் ஒன்று, அவர் அதை ஒரே ஒரு தடவைதான் செய்தார். மறுநாளும் அதே காலைத் தூக்கினால் காளி ஏன் ஆட வரப்போகிறாள்? கம்ப்யூட்டர் காளிதான் தினமும் வருவாள். தினமும் அதே இடத்தில் நிற்பாள். நாமும் தினமும் காலைத் தூக்கிவிட்டு, நடனம் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

என் கவலை இதுதான். ஒரு பையன் கோடை விடுமுறை முழுக்கத் ‘தெய்வம்’ நிலையை ஜெயிக்கிறான். அவன் கற்றுக்கொண்டது என்ன? எதிரி மாற மாட்டான், நேற்றைய தந்திரம் நாளைக்கும் பலிக்கும், கொடுத்த வாக்கை மீறினால் ஒன்றும் ஆகாது, மூன்றுக்கு ஒன்று என்றால் தோல்வியே கிடையாது. இந்த நாலும் வெளி உலகத்தில் பொய். நாளைக்கு அவன் ஒரு கடை போடுவான். எதிர்க்கடைக்காரன் அவன் விலையைப் பார்த்து ராத்திரியோடு ராத்திரியாகத் தன் விலையை மாற்றுவான். அந்த எதிர்க்கடைக்காரனைச் சமாளிக்க எந்த நிலையும் அவனைத் தயார் செய்யவில்லை.

உலக சாம்பியன் குகேஷைத் தயார் செய்த கதை இதற்கு நேர் எதிர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் பட்டம் வாங்கிய பிள்ளை. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷின் ரேட்டிங் 2500 புள்ளிகளைத் தாண்டும் வரை செஸ் எஞ்சின் பக்கமே போகவிடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் நகர்த்துகிற காலத்தில், நீயே யோசி, நீயே தப்பு செய், அந்தத் தப்பை எதிரில் இருக்கிற மனிதன் எப்படிப் பிடிக்கிறான் என்று பார் என்று விட்டுவிட்டார். மெஷின் அப்புறம் வந்தது. வந்தபோது அது வாத்தியாராக வரவில்லை, கால்குலேட்டராக வந்தது.

விமரிசனம் என்றால் கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வெஸ்னாத்துக்கு என் ஓட்டு. எதிரியின் அசட்டுத்தனத்தை எண்ணாக எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிற நேர்மைக்காக. அந்த 0.4-ஐ நீங்களே மாற்றிப் பார்த்தால் எதிரி எப்படி யோசிக்கிறான் என்பதே ஒரு பாடமாகிவிடும். இலவசம் என்பது கூடுதல் வசதி. சிவிலைசேஷன் அழகான, பிரம்மாண்டமான விளையாட்டு. ஆனால் ‘தெய்வம்’ என்று பெயர் வைத்து மானியத்தை விற்பதற்குப் பாதி மார்க்தான் போடுவேன். இரண்டிலுமே இன்னொரு மனிதரோடு ஆடுகிற வசதி இருக்கிறது. பிள்ளைகள் ஒரு மாதம் கம்ப்யூட்டரோடு ஆடி விதிகளைக் கற்றுக்கொள்ளட்டும். அப்புறம் அந்த வசதியைத் திறந்து கொடுங்கள்.

அண்ணன் தம்பி, அடுத்த வீட்டுப் பிள்ளை, யாராவது. கொஞ்சம் சண்டை வரும், கண்ணீர் வரும், “நீ அழுகுணி ஆட்டம் ஆடறே” என்ற கூச்சல் வரும். வரட்டும். அழுகுணி ஆட்டம் என்று எதிரி கண்டுபிடித்துக் கத்துகிற இடத்தில்தான் அடுத்த தந்திரத்துக்கு அவசியமே வருகிறது.